கக்கின பிள்ளை எப்போது தக்கும்?

பால் கக்கும் கைக்குழந்தைகளைப் பற்றி மட்டுமே இந்த மாதம் இத்தனை கடிதங்கள் வந்திருப்பதால், கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் முதல் முறையாகப் பெற்றோர் ஆனவர்கள். குழந்தை நல மருத்துவராக என் புறநோயாளர் அறையில் நாள்தோறும் நான் கேட்பதும் இதே கேள்விகளைத்தான்.

கேள்வி: என் பெண் குழந்தை பிறந்து 25 நாட்கள் ஆகின்றன. ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் கக்குகிறாள். சில நேரம் பாலாகவும் சில நேரம் தயிர் போலத் திரிந்தும் வருகிறது. இரண்டு முறை மூக்கு வழியாகவும் வந்துவிட்டது. என் மாமியார் “கக்கின பிள்ளை தக்கும், கவலைப்படாதே” என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவோ என் பால் குழந்தைக்குச் சேரவில்லை, பவுடர் பாலுக்கு மாற்று என்கிறார். பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள். சென்ற வாரம் பார்த்தபோது 3.2 கிலோ. நான் யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மகளைப் பொறுத்தவரை மாமியார் பேச்சைக் கேளுங்கள். அந்தப் பழமொழியில் பல தலைமுறைகளாகப் பிள்ளை வளர்த்தவர்களின் அனுபவம் இருக்கிறது. அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தாது என்பதையும், எந்தக் குழந்தைக்குப் பொருந்தாது என்பதையும் அடுத்தடுத்த பதில்களில் சொல்கிறேன்.

உணவுக்குழலும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு வளையத்தசை இருக்கிறது. விழுங்கும்போது திறப்பதும் மற்ற நேரத்தில் மூடியிருப்பதும் அதன் வேலை. பிறந்த குழந்தைக்கு அந்தத் தசை பக்குவப்பட்டிருக்காது. வேண்டாத நேரத்திலும் தளர்ந்து திறந்துகொள்ளும். இரைப்பை சிறியது, உணவுக்குழல் குட்டையானது, உள்ளே போவது முழுவதும் பால், அதோடு குழந்தை நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கிறது. நிறைகுடம் சற்றுச் சாய்ந்தாலும் வழிவதைப் போல, அவளை நீங்கள் தூக்கும்போதோ துணி மாற்றும்போதோ கொஞ்சம் பால் மேலே வந்துவிடுகிறது. இதை எதுக்களிப்பு என்கிறோம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தினமும் ஒரு முறையாவது இப்படிக் கக்குகிறார்கள்.

தயிர் போல வருவதைக் கண்டு பயந்துதான் பலர் தாய்ப்பாலையே நிறுத்திவிடுகிறார்கள். இரைப்பையின் அமிலமும் நொதிகளும் பாலைத் திரிய வைப்பது செரிமானத்தின் முதல் படி. குடித்தவுடன் கக்கினால் பாலாக வரும். அரை மணி நேரம் கழித்துக் கக்கினால் திரிந்து வரும். திரிந்து வருவதற்கு இரைப்பை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். தாயின் பால் கெட்டுப்போனது என்று பொருளே இல்லை. தொண்டையின் மேற்பகுதியும் மூக்கின் பின்புறமும் ஒரே வழியில் திறப்பதால், வேகமாக மேலே வரும் பால் மூக்கிலும் எட்டிப்பார்க்கும். மெல்லிய துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டால் போதும். மூக்கில் வாய் வைத்து ஊதவோ உறிஞ்சவோ கூடாது.

குடித்தது முழுவதையும் கக்கிவிடுகிறாள் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு தேக்கரண்டிப் பாலை, அதாவது 5 மில்லியை, தோளில் போடும் துண்டின் மேல் ஊற்றுங்கள். அந்த ஈரம் பரவும் அகலத்தைப் பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். சேலைத் தலைப்பு நனைந்துவிட்டது என்று சொல்லி அழும் தாய்மார்களிடம் என் மேசையிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான சான்று நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் எடைதான். பிறந்த முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுவது இயல்பு. உங்கள் மகள் அப்படியே ஏறியிருக்கிறாள். கக்கிய பிறகும் அவள் முகம் தெளிவாக இருந்து, ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால், துவைக்கும் துணிகள் கூடுவதைத் தவிர வேறு கெடுதல் எதுவும் இல்லை. பவுடர் பால் வேண்டவே வேண்டாம். பால் குடித்தபின் இருபது, முப்பது நிமிடம் தோளில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருங்கள். குளிப்பாட்டுவதைப் பால் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்த குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து உருட்டினால் கக்காமல் என்ன செய்யும்? அரைஞாண் கயிறும் இடுப்பில் கட்டும் துணியும் வயிற்றை இறுக்காமல் இருக்கட்டும்.

கேள்வி: ஐந்து வாரப் பையன், எங்களுக்கு முதல் பிள்ளை. மூன்று வாரம் வரை லேசாகக் கக்கினான். நான்கு நாட்களாகக் குடித்த கொஞ்ச நேரத்தில் பீய்ச்சி அடிப்பதுபோல வருகிறது. ஒருமுறை தொட்டிலைத் தாண்டி விழுந்தது. உடனே மறுபடியும் பசித்து அழுகிறான். மருந்துக் கடையில் வாந்தி நிற்கச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தொடரலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே, பதில் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால், மருத்துவமனைக்குப் போகும்படி இவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.

கக்குவது வேறு, வாந்தி வேறு. கக்கும்போது பால் வாயோரமாக வழியும். குழந்தைக்கு அதில் சிரமம் இருக்காது. வாந்தியில் வயிற்றுத் தசைகள் இறுகி உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் இருக்கும் ஒரு குழந்தை, முன்பு நன்றாக இருந்துவிட்டு, ஒவ்வொரு முறை குடித்த பின்னும் பீய்ச்சியடித்து வாந்தி எடுத்து, எடுத்த கையோடு பசியில் அழுதால், இரைப்பையின் கீழ்வாயில் தசை தடித்து வழியை அடைக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இது ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். அவர்களிலும் முதல் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பால் குடிக்கும்போது குழந்தையின் மேல்வயிற்றை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், இடமிருந்து வலமாக ஓர் அலை நகர்வது தோலுக்கு அடியில் தெரியும். அடைத்த வழியில் பாலைத் தள்ள முயலும் இரைப்பையின் போராட்டம் அது.

வயிற்றை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் தெளிவாகத் தெரிந்துவிடும். வாந்தியில் இழந்த நீரையும் உப்புகளையும் நரம்பு வழியாக ஏற்றிச் சரிசெய்துவிட்டு, தடித்த தசையை நீளவாக்கில் கீறிவிடுவார்கள். ஜெர்மன் அறுவை மருத்துவர் கான்ராட் ராம்ஸ்டெட் 1912இல் வெளியிட்ட முறை அது. அடிப்படையில் இன்றும் அதையேதான் செய்கிறோம். அறுவைக்குப் பின் சில மணி நேரத்திலேயே பெரும்பாலான குழந்தைகள் பால் குடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் தாமதமாக வந்தால் குழந்தை வற்றி, தாதுஉப்புகள் தாறுமாறாகி, அறுவைக்கு முன்பே தளர்ந்துவிடும்.

கடைச் சொட்டு மருந்தை நிறுத்திவிடுங்கள். டோம்பெரிடோன் போன்ற மருந்துகள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை; கைக்குழந்தைக்கு மருத்துவர் பார்க்காமல் தரத் தக்கவை அல்ல. அவற்றால் இந்த அடைப்பு திறக்கப்போவதும் இல்லை.

கேள்வி: பிள்ளை சத்தி எடுக்கும்போது எந்த நிறத்துக்குப் பயப்பட வேண்டும்? ஒருவர் மஞ்சள் ஆபத்து என்கிறார், இன்னொருவர் பச்சை என்றால் பித்தம், தானாகச் சரியாகும் என்கிறார்.
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எழுதிக் கேட்டதற்கு நன்றி, அம்மா. இந்த மாதம் வந்தவற்றில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கும் கேள்வி இதுதான்.

வெள்ளையாகவோ தயிர்த் திப்பிகளாகவோ வந்தால் அது பால். முதல் சில நாட்களில் சீம்பாலின் மஞ்சள் நிறம் கக்கலிலும் தெரியும். ஆனால் பச்சை, அதாவது மருதாணி அரைத்ததுபோல, கொத்தமல்லித் துவையல்போல நிறம் இருந்தால், ஒரே ஒரு முறை வந்தாலும், குழந்தை நன்றாகத் தெரிந்தாலும், அது அவசரம். “பித்தம்தான்” என்று சொன்னவர் சொன்னது ஒரு வகையில் உண்மை, அது பித்தநீர்தான். பித்தநீர் வந்து சேருவது இரைப்பைக்குக் கீழே, சிறுகுடலின் தொடக்கத்தில். முன் பதிலில் சொன்ன இரைப்பைவாய் அடைப்பு அதற்கு மேலே இருப்பதால், அங்கே எவ்வளவு வாந்தி எடுத்தாலும் பச்சை வராது. கைக்குழந்தைக்குப் பச்சையாக வருகிறதென்றால், குடலில் கீழே எங்கோ வழி அடைந்திருக்கக்கூடும் என்று எண்ணியாக வேண்டும். கருவிலேயே குடல் சரியாகச் சுழன்று அமையாத சில குழந்தைகளுக்கு, பிறந்த முதல் மாதத்தில் குடல் தன் இரத்தக் குழாயோடு சேர்த்து முறுக்கிக்கொள்ளும். துவைத்த சேலையைப் பிழிவதுபோல முறுக்கு விழுந்தால் இரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். தொடக்கத்தில் வயிறு மிருதுவாகவே இருக்கும், குழந்தையும் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்; ஏமாறுவது அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் பதினோரு நாள் குழந்தையோடு ஒரு பாட்டி வந்தார். முந்தைய இரவு வேறோர் இடத்தில் காட்டியபோது ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். குழந்தையைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பாட்டி, இரவு குழந்தை வாந்தி எடுத்த துணியைத் துவைக்காமல் ஒரு மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். விரித்துக் காட்டினார், நடுவில் பாசி படர்ந்ததுபோல ஒரு பச்சைக் கறை, ஓரம் காய்ந்திருந்தது. அந்தக் கறையைப் பார்த்துத்தான் அடுத்த ஒரு மணி நேரத்தில் பரிசோதனைகளை முடித்து அறுவைக் கூடத்துக்கு அனுப்பினோம். முறுக்கு அவிழ்ந்ததும் கறுத்திருந்த குடல் மெல்லச் சிவந்தது. அன்றிலிருந்து எல்லாத் தாய்மாரிடமும் சொல்கிறேன்: சந்தேகமான நிறத்தில் வந்தால் துணியைத் துவைத்துவிடாதீர்கள், கையோடு கொண்டு வாருங்கள், அல்லது நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பாகவோ காப்பித்தூள் நிறத்திலோ வந்தால் இரத்தம். முலைக்காம்பில் வெடிப்பு உள்ள தாயிடம் குடிக்கும் குழந்தை தாயின் இரத்தத்தை விழுங்கிக் கக்குவதும் உண்டு. அதனால் முதலில் உங்கள் மார்பைப் பாருங்கள். ஆனால் இரத்தம் யாருடையது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பிறந்தவுடன் போடவேண்டிய வைட்டமின் கே ஊசி போடப்படாத குழந்தைகளுக்கு உள்ளே இரத்தக் கசிவு ஏற்படலாம். போட்டார்களா என்பதைப் பிரசவக் குறிப்பில் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பேரன் மல்லாந்து படுத்திருக்கும்போது கக்கினால் பால் மூச்சுக்குழலில் போய்விடாதா? குப்புறப் படுக்க வைப்பதும் தூளியில் போடுவதும்தானே நல்லது?
— மூத்த வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது, ஆனால் உடலின் அமைப்பு நாம் நினைப்பதற்கு மாறாக இருக்கிறது. மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதற்குக் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமென்றால் மேடேற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடுகிறது. 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும், குழந்தைகளை மல்லாந்து உறங்க வைக்கும்படி பெரும் பிரசாரம் தொடங்கினார்கள். தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுகள் அதன்பின் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. கக்கி மூச்சடைத்து இறப்பது கூடவில்லை. கக்கும் குழந்தைக்கும் இதே விதிதான்.

தூளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அதில் வளர்ந்தவள்தான். ஆனாலும் தூளியில் பச்சைக் குழந்தையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுப் பாதை மடங்கிவிடுகிறது. வயிறும் அழுந்துவதால் கக்குவதும் கூடும். தட்டையான, அழுத்தமான படுக்கையே தூங்குவதற்குப் பாதுகாப்பு. தலைக்கு உயரம் வைப்பதால் கக்குவது குறைவதில்லை. கடுகுத் தலையணையும் வேண்டாம். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சிறிது நேரம் குப்புறப் போடலாம். பால் குடித்தவுடன் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கக்குவது நிற்க ஊரில் தொக்கம் எடுக்கச் சொல்கிறார்கள், உரம் விழுந்திருக்கிறது என்கிறார்கள், வசம்பு உரசித் தருகிறார்கள், கிரைப் வாட்டர் வாங்கி வருகிறார்கள். ஏப்பம் வரும் வரை முதுகைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?
— வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தொக்கம் எடுப்பவர் குழந்தையின் தொண்டையிலிருந்து எடுத்துக் காட்டும் பொருள் குழந்தைக்குள் இருந்ததல்ல, பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் தொண்டையில் சிக்க என்ன இருக்கிறது? ஊதுவதாலும் விரலை விடுவதாலும் தொண்டை புண்ணாகி, தொற்று ஏற்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். உரம் எடுப்பதாகச் சேலையில் போட்டு உருட்டுவதால் கழுத்துக்கு ஆபத்து. இவற்றைவிடப் பெரிய கேடு, பச்சை வாந்தி எடுக்கும் ஒரு குழந்தையை முதலில் இங்கெல்லாம் கொண்டுபோவதில் கரைந்துபோகும் நேரம். வசம்பே வாந்தியைத் தூண்டக்கூடிய பொருள். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் விற்கத் தொடங்கியது. அன்று அதில் சாராயமும் சர்க்கரையும் இருந்தன. இன்று சாராயம் இல்லை, ஆனால் கக்குவதை நிறுத்தும் குணமும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதில் இதுவும் அடங்கும்.

ஏப்பம் வந்தால் நல்லது, வராவிட்டால் விட்டுவிடுங்கள். சண்டிகரில் 71 தாய்மார்களையும் குழந்தைகளையும் கொண்டு செய்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஏப்பம் எடுக்க வைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாகவே கக்கினார்கள். நிமிர்த்தி வைத்து மெல்லத் தடவிக் கொடுங்கள். தட்டித் தட்டிக் குழந்தையைக் குலுக்க வேண்டாம்.

கேள்வி: எத்தனை மாதத்தில் கக்குவது நிற்கும்?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: நான்காம் மாதம் வரை கூடும், உட்காரத் தொடங்கி, கட்டியான உணவு சாப்பிடும்போது குறையும், ஒரு வயதில் பெரும்பாலும் நின்றிருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கக்குவதோடு மலத்தில் இரத்தமோ சளியோ தெரிந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம், அதையும் காட்டுங்கள். அதற்காக, யாரும் பார்க்காமலேயே பால், பருப்பு, கீரை என்று தாய் பத்தியம் இருக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து அரசு மருத்துவமனை தொலைவு, இரவில் பேருந்து இல்லை. எந்த அறிகுறி தெரிந்தால் இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டும், எதற்கு விடியும் வரை காத்திருக்கலாம்?
— வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: பச்சை வாந்திக்கும் இரத்த வாந்திக்கும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வாந்தியோடு வயிறு உப்பி இறுகினாலும், குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலும், பாலே வேண்டாம் என்று ஒதுக்கினாலும், உச்சிக்குழி புடைத்தாலும் குழிந்தாலும், ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும் அப்படியே. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தால், வாந்தியே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குக் கிருமித்தொற்று வந்தால் சிலசமயம் உடம்பு சுடாமல் சில்லிட்டுப்போகும், அதுவும் அதே அளவு ஆபத்து. 108ஐ அழையுங்கள், பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கை வாசகர்களுக்கு 1990. பிறந்து ஒரு நாள் கழிந்தும் மலம் போகாத குழந்தை வாந்தி எடுத்தாலும் இதே அவசரம்தான்.

வழக்கத்தைவிட இரண்டு முறை கூடுதலாகக் கக்கியது, ஆனால் வெள்ளையாகத்தான் வந்தது, பிறகு குடித்துவிட்டுத் தூங்குகிறது என்றால் காலையில் போகலாம். எடை ஏறவில்லை என்ற சந்தேகம் இருந்தால் அந்த வாரத்துக்குள் அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ எடை பார்த்து, தாய் சேய் நல அட்டையில் குறிக்கச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: கக்கும்போது குழந்தைக்குப் புரையேறி மூச்சுத் திணறினால் வீட்டில் என்ன செய்வது?
— வாசகி, சென்னை

பதில்: இருமுகிறது, அழுகிறது என்றால் காற்று போகிறது என்று பொருள். ஒருக்களித்துத் திருப்பி, வாயோரம் வழிவதைத் துடையுங்கள், தானாகச் சரியாகும். சத்தமே வராமல், உதடு நீலமாகத் தொடங்கினால், ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடித்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். சரியாகாவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். மூச்சு வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். குழந்தை துவண்டு அசைவற்றுப் போனால், 108இல் பேசுபவர் சொல்லச் சொல்ல மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்க வேண்டும். அதனால் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்குவதும், வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவுவதும் வேண்டாம். மூச்சு சீராகிக் குழந்தை சிரித்தாலும், நீலமானது உண்மையென்றால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.